மூன்றாவது துடிப்பு

அந்தப் பொம்மைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு விபத்து ஆய்வு மையத்தின் தகரக் கொட்டகைக்குள் தமயந்தி நுழைந்தபோது இரண்டு கார்கள் அருகருகே நின்றிருந்தன. ஒன்று பெரிய வெள்ளைக் கார். பக்கவாட்டில் நீளமாக ஒரு சிராய்ப்பு, ஒரு கண்ணாடி போயிருந்தது, அவ்வளவுதான். மற்றது சின்னச் சாம்பல் நிறக் கார். மேம்பாலத் தூணில் மோதிய வேகத்தில் அதன் மூக்கு உள்ளே போய், டாஷ்போர்டு டிரைவர் சீட்டின் முன்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வெள்ளைக் காரின் பின்சீட்டில் ஒரு குழந்தை சீட் பொருத்தப்பட்டிருந்தது. அதில் மஞ்சள் கவுன் போட்ட ரப்பர் குழந்தை கண்ணை மூடித் தூங்கியது. இரண்டு வயதுக் குழந்தையின் அளவு, அதே எடை. தமயந்தி பழக்கத்தில் குனிந்து பெல்ட்டைச் சோதித்தாள். தோள்பட்டையில் முறுக்கு இல்லை. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையோடு படிந்திருந்தது. பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அவளுடைய ஒரு விரல் மட்டும் நுழைந்தது. பதினெட்டு வருட உத்தியோகத்தில் இவ்வளவு ஒழுங்காகப் பெல்ட் போட்ட குழந்தையை அவள் பார்த்ததே இல்லை.

"தொட்டுப் பாருங்க மேடம், சூடு இன்னும் இருக்குது," என்றார் சம்பத். ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கியிருந்த தொழில்நுட்பர் அவர். "மூச்சும் விடுதுங்க. நெஞ்சுக்குள்ள என்னமோ வெச்சிருக்கான், நாடிகூடத் துடிக்குது. ஒருதடவை சார்ஜ் போட்டா பத்து நாள் வருமாம்."

மஞ்சள் கவுனுக்குக் கீழே வயிறு மெல்ல ஏறி இறங்குவதைத் தமயந்தி பார்த்தாள். சாம்பல் காரில் வந்த குழந்தை, ஒரு வயது ஒன்பது மாதம், சனிக்கிழமை சாயங்காலமே இறந்துபோயிருந்தது.

குழந்தை முன்னுரிமைச் சட்டம் வந்து அது ஏழாவது வருடம். கார்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆரம்பித்து அதற்கும் முன்பே நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சாலையில் போகிற ஒவ்வொரு காரும் தனக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கூரையில் இருக்கும் உணர்கருவியால் அறிந்து, பக்கத்தில் வருகிற கார்களுக்குச் சொல்லும். குழந்தை இருந்தால் முன்கண்ணாடிக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். பச்சை எரிகிற வண்டிக்கு மற்ற வண்டிகள் தாமாகவே வழி விடும், இடைவெளி தரும். மோதல் தவிர்க்கவே முடியாது என்று ஆகிவிட்டால், இரண்டு வண்டிகளும் கண் இமைக்கிற நேரத்தில் பாதிக்குள் பேசி முடித்துவிடும். பச்சை வண்டி நேராகப் போகும். மற்றது ஒதுங்கி, சுவரோ தூணோ எது கிடைக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளும். இரண்டிலும் பச்சை என்றால் மோதலைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

சட்டம் வந்த முதல் வருடம் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாம் வருடம் கடைகளில் பொம்மை வந்தது. பேரன் பேத்தி வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களின் தனிமைக்கு ஆறுதல் என்று விளம்பரம் செய்தார்கள். ஆறுதலுக்கு எதற்கு அச்சாகப் பன்னிரண்டு கிலோ எடை என்று யாரும் கேட்கவில்லை. பொம்மை வைத்திருப்பது குற்றம் என்று சட்டத்தில் எங்கும் எழுதவும் இல்லை. சனங்கள் அதை மூச்சுப் பொம்மை என்றார்கள். வாங்கிய யாரும் வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சியதாகத் தெரியவில்லை.

தமயந்திக்கு மனிதர்கள் மேல் மரியாதை விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள், சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்காருகிறவர்கள், அலாரம் கத்தாமலிருக்க வெறும் கொக்கியை வாங்கிச் சொருகுகிறவர்கள், இரண்டு வயதுப் பிள்ளையைத் தன் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே உட்காரவைத்து வீடியோ எடுத்துப் போடுகிற அப்பாக்கள் என்று இவர்களுடைய வண்டிகள்தான் கடைசியில் அவள் கொட்டகைக்கு வந்தன. எல்லோரையும்விட அவளுக்குச் சகிக்காதவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பத்துக் கிலோக் குழந்தை முந்நூறு கிலோவாகக் கனக்கும், எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது என்று அவள் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் போய்ப் பேசிப் பார்த்தாள். வீடியோ போட்டாள். கேட்டுவிட்டுத் தலையாட்டிய பெண்கள், வெளியே வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அதனால்தான் சட்டத்தை எழுதுகிற குழுவில் அவளைப் போட்டபோது, பதினான்காம் பிரிவை அவளே எழுதினாள். முறையான சீட்டில், பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தை மட்டுமே குழந்தையாக எண்ணப்படும். மடியில் இருப்பது எண்ணப்படாது, அப்படி வைத்துக்கொண்டு போவதும் குற்றம். குழுவிலிருந்த குழந்தை மருத்துவர் ஒருவர் மட்டும், மோதுகிற நேரத்தில் மடியில் ஒரு பிள்ளை இருந்தால் அதன் கதி என்ன என்று கேட்டார். மடிக்கும் பச்சை எரிந்தால் எவன் சீட் வாங்குவான் என்று தமயந்தி திருப்பிக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரிவு நிறைவேறியது.

அன்று மதியம் அவள் மருத்துவமனைக்குப் போனாள். அருள்தாஸ், சாம்பல் காரை ஓட்டியவன், கால் எலும்பு முறிந்து மூன்றாவது மாடியில் இருந்தான். அவனிடம் பேச முடியவில்லை. மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜெசிந்தா கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. முப்பது வயது இருக்கும். தலை வாரியிருக்கவில்லை.

தமயந்தி கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கேட்டாள். ஜெசிந்தா மறைக்கவில்லை. குழந்தையின் பெயர் நேயா. மூன்று நாளாகக் காது வலி. உள்ளூர் டாக்டர் கோயமுத்தூர் போகச் சொன்னார். காரில் குழந்தை சீட் இருந்தது. அதில்தான் உட்காரவைத்துக் கிளம்பினார்கள். அவிநாசி தாண்டியதும் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. தலையைச் சீட்டில் சாய்த்தாலே கத்தியது.

"எவ்வளவு நேரம் மடியில வெச்சிருந்தீங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்குமுங்க. வலிக்குற காதை என் நெஞ்சுல வெச்சு அழுத்திட்டுப் படுத்தா. அப்பத்தான் அழுகை நின்னுது."

"பச்சை அணைஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க. அவரும் சொன்னாரு. தூங்கினதும் சீட்டுல போட்டுடறேன்னு சொன்னேன்." ஜெசிந்தா மாவுக்கட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தூங்கிட்டாங்க. எடுத்தா முழிச்சுக்குவாளேன்னு அப்புடியே விட்டுட்டேன்."

எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று தமயந்தி நினைத்தாள். அழுதாள், எடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொள்ளலாம். சாம்பல் காரின் பின்சீட்டில் குழந்தை சீட் ஆடாமல் அசையாமல் இருந்ததை அவள் காலையில் பார்த்திருந்தாள். அதில் இருந்திருந்தால் பிள்ளைக்குக் கழுத்துச் சுளுக்குக்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. அதை அப்படியே ஜெசிந்தாவிடம் சொன்னாள். பிறகு, பதினான்காம் பிரிவை மீறி மரணம் விளைவித்ததாக அவள்மேல் வழக்குப் பதிவாகும், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று விதிப்படி தெரிவித்தாள். ஜெசிந்தா இடது கையால், கோணல்மாணலாக, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை தமயந்தி வெள்ளைக் காரின் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனாள். சுந்தரவடிவேலு ஒரு பொறியியல் கல்லூரியில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மல்லிகா. எட்டாவது மாடி வீடு. சுவர் முழுக்கக் கனடாவில் இருக்கும் மகளும் பேத்தியும் சிரித்தார்கள். காபியும் முறுக்கும் வந்தன. விபத்தைப் பற்றி அவர் பாடம் நடத்துவதுபோலத் தெளிவாகச் சொன்னார். முன்னால் போன லாரியிலிருந்து தேங்காய் மட்டைக் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. பக்கத்துப் பக்கத்தில் போன இரண்டு காருக்கும் ஒரே இடைவெளிதான் இருந்தது. அவர் கார் அதில் புகுந்தது. அடுத்த கார் இடதுபக்கம் திரும்பித் தூணுக்குப் போனது. அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எல்லாம் கார் பார்த்துக்கொண்டது.

பொம்மையைப் பற்றிக் கேட்டதும் அவர் கொஞ்சமும் கூசவில்லை. கடையில் ரசீதோடு வாங்கியது, சட்டத்தில் தடை எதுவும் இல்லை, தான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன் என்றார். இந்த அடுக்ககத்தில் இருபத்தெட்டு வீடு, அதில் பத்தொன்பது பேர் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பத்தொன்பது வீட்டில் எத்தனை வீட்டில் குழந்தை இருக்கிறது என்று தமயந்தி கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்து, இரண்டு இருக்கும் என்றார்.

"எனக்கு அறுவத்தெட்டு வயசாச்சுங்க," என்றாள் மல்லிகா. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ரோட்டுல போற ஒவ்வொரு வண்டிலயும் பச்சை எரியுது. நம்ம வண்டில மட்டும் எரியலீன்னா, எது நடந்தாலும் நாமதான் தூணுக்குப் போகோணும். வயசானவங்க உயிரு உயிரில்லீங்களா?"

தமயந்தி பொம்மைக்குப் பெல்ட் போட்டது யார் என்று கேட்டாள்.

மல்லிகாவின் முகம் மலர்ந்தது. "நாந்தானுங்க. ஏனோதானோன்னு போட்டா கார் எடுத்துக்காதுங்களே. வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன். பட்டைக்கு அடியில ஒரு விரல்தான் போகோணும்னு ஒரு அம்மா நல்லா சொல்லிக் குடுத்திருந்தாங்க." சொல்லிக்கொண்டே தமயந்தியை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, அது நீங்கதானே? முடி அப்ப நீளமா இருந்துது."

தமயந்தி ஆமாம் என்றாள். அந்த வீடியோவை எடுத்தபோது, ஊரில் ஒரு பத்துப் பேராவது பார்த்துத் திருந்தினால் போதும் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. திருந்தியவர்களில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்த மல்லிகா குரலைத் தாழ்த்திக்கொண்டு, பேப்பரில் படித்ததிலிருந்து அந்தக் குழந்தையின் நினைவாகவே இருக்கிறது என்றாள். "மடியில வெச்சிருந்தாளாமே. எத்தனை தடவை சொல்றாங்க, படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. இதுகளுக்கெல்லாம் எதுக்குங்க பிள்ளை?"

லிஃப்ட் எட்டு மாடி இறங்குகிற வரை தமயந்தி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாகக் கேட்ட கேள்வியை அவள் அதே சொற்களில், அதே சுருதியில், சம்பத்திடம் பலமுறை கேட்டிருக்கிறாள். மூன்று வாரம் முன்புகூடக் கேட்டாள். இன்னொருத்தி வாயில் அது எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்பதுதான் அவளுக்குப் புதிது.

கொட்டகைக்குத் திரும்பியபோது சம்பத் இரண்டு கார்களின் பதிவுகளையும் எடுத்துத் திரையில் போட்டு வைத்திருந்தார். கார் அனுப்பிய செய்திகள் ஒரு பக்கம், அதன் உணர்கருவி உள்ளே பார்த்தது இன்னொரு பக்கம்.

"நீங்க ஒண்ணைப் பார்க்கோணும் மேடம்," என்றார். சாம்பல் காரின் திரையில் மூன்று கோடுகள் ஓடின. இரண்டு கோடு மெதுவாக, மூன்றாவது பொடிப்பொடியாக வேகமாக. "இது புருசன், இது பொண்டாட்டி, இது பாப்பா. சீட்டுல இருந்து எடுத்த நிமிசத்துல இருந்து நாப்பத்தொரு நிமிசம் இந்த நாடியைக் கார் பார்த்துட்டேதான் வந்திருக்குது. ஆரம்பத்துல அழுகைல நூத்தி எழுவது. அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு, இந்தா, இங்க தூங்கிருச்சு."

"தெரியும் சம்பத். கருவிக்கு மடியில இருக்கறதும் தெரியும். தெரிஞ்சாலும் எண்ணக் கூடாதுங்கறதுதான் விதி."

"விதி எனக்கும் தெரியுமுங்க. கடைசி அரை செகண்டைப் பாருங்க." அவர் திரையை நகர்த்தினார். "வெள்ளைக் கார் கேக்குது, உன்கிட்டக் குழந்தை உண்டான்னு. இது சொல்லுது, இல்லைன்னு. இது திருப்பிக் கேக்குது, உன்கிட்ட உண்டான்னு. அது சொல்லுது, ஒண்ணு இருக்குதுன்னு. சரின்னு இது தூணுக்குப் போயிருச்சு. வெள்ளைக் காரு பொய் சொல்லலை மேடம். பொம்மையைப் பார்த்து ஏமாந்துதான் சொல்லுச்சு. இந்தக் கார்தான் தெரிஞ்சே இல்லைன்னு சொல்லிருக்குது."

தமயந்தி வேகமாகத் துடித்த மூன்றாவது கோட்டைப் பார்த்தாள். அது தூக்கத்தில் சீராக ஓடி, ஓரிடத்தில் குதித்து, பிறகு ஒழுங்கில்லாமல் போனது. அதற்குக் கீழே கார் எழுதி வைத்திருந்த குறிப்பு ஒற்றை வரி. எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, பிரிவு பதினான்கு.

அவள் சம்பத்தை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவர் போனதும் வெள்ளைக் காரின் கதவைத் திறந்தாள். பொம்மை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் கவுனைத் தூக்கி, முதுகில் இருந்த சுவிட்சைத் தேடிப் பிடித்து அணைத்தாள். வயிறு பாதி ஏறிய நிலையில் நின்றது.

இணை ஆணையர் குமரகுரு அவளைவிட நாலு வயது சின்னவர், அவளிடம் மரியாதையாகவே பேசுபவர். அவள் அறிக்கையின் வரைவைப் படித்துவிட்டு, பொம்மை சமாச்சாரத்தை எடுத்துவிடலாம் என்றார். காரணமும் சொன்னார். மாநிலத்தில் குறைந்தது நாற்பதாயிரம் பொம்மை ஓடுகிறது என்று இலாகாவுக்கே தெரியும். இதை எழுதிவிட்டால் நாளைக்கு ஒருத்தனும் பச்சையை நம்ப மாட்டான், கார்க்காரர்கள் எல்லோரும் வழிவிடுவதை அணைத்து வைக்கப் பார்ப்பார்கள், அப்புறம் நிஜக் குழந்தைகளுக்கும் வழி கிடைக்காது. ஒரு பிள்ளை போய்விட்டது, மற்ற பிள்ளைகளை யோசிக்க வேண்டும். மடியில் வைத்திருந்தது அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்ட குற்றம். வழக்கு அத்தோடு முடிந்துவிடும்.

"பதினாலாம் பிரிவைப் பத்தியும் நாலு பக்கம் எழுதிருக்கீங்க," என்றார். "அது நீங்க எழுதின பிரிவு. உங்களையே நீங்க குற்றம் சொல்லிக்கறீங்க. எதுக்கு மேடம்?"

"வேற யாரைச் சொல்றது சார்? நேரா அந்தக் காரைப் புடிச்சு உள்ள போடலாமா?"

அவர் சிரிக்கவில்லை. அவளும் நாலு பக்கத்தில் ஒரு வரியையும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர். தன் ஒருத்தியின் கையெழுத்தோடு அறிக்கையை அவள் நேராக விசாரணை மன்றத்துக்கு அனுப்பினாள். அடுத்த வாரமே அவளை வாகனப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்கு ஒரு மேசையும், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத ஒரு நாற்காலியும் கிடைத்தன.

இரண்டு மாதம் கழித்து மன்றம் கூடியது. ஓய்வு பெற்ற பெண் நீதிபதி ஒருவர் தலைமை. சுந்தரவடிவேலு தம்பதி முன்வரிசையில், நல்ல வக்கீலோடு. ஜெசிந்தா பின்னால் கணவனின் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமயந்தி கூண்டில் ஏறி, பதிவை வரிவரியாகப் படித்தாள். நாற்பத்தொரு நிமிடம் கார் அந்தக் குழந்தையின் நாடியைப் பார்த்தது, கேட்டபோது இல்லை என்று சொன்னது, அப்படிச் சொல்லும்படி அதற்குக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்றாள். சுந்தரவடிவேலுவின் வக்கீல், பெல்ட் போட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா இல்லையா என்று கேட்டார். பிழைத்திருக்கும் என்றாள். கார் உண்மையைச் சொல்லியிருந்தால் என்று நீதிபதி கேட்டார். ஒரு நிஜக் குழந்தைக்கும் ஒரு பொம்மைக் குழந்தைக்கும் நடுவில் கார்கள் இரண்டும் ஆளுக்குப் பாதி மோதலை வாங்கியிருக்கும், அந்த வேகத்தில் மடியில் இருந்திருந்தாலும் அநேகமாகப் பிழைத்திருக்கும் என்றாள்.

தீர்ப்பு அன்றே வந்தது. ஜெசிந்தா மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார்கள். பொம்மை வைத்தது தார்மீகக் குறைபாடு என்று மன்றம் கண்டித்தது. தார்மீகக் குறைபாட்டுக்குத் தண்டனை ஏதும் இல்லாததால் சுந்தரவடிவேலு எழுந்து நீதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு மனைவியோடு வெளியேறினார். பதினான்காம் பிரிவைத் திருத்தும்படி அரசுக்குப் பரிந்துரை போனது.

வெளியே வராந்தாவில் ஜெசிந்தா தனியாக நின்றாள். கணவனுக்கு ஆட்டோ பிடிக்க அவன் தம்பி போயிருந்தான். தமயந்தி பக்கத்தில் போனாள். என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. உன்மேல் தப்பில்லை என்பதுபோல ஏதோ ஆரம்பித்தாள்.

ஜெசிந்தா அவளை முடிக்க விடவில்லை. "தூங்கினதும் சீட்டுல போட்டிருக்கோணுமுங்க. போடலை. அது என் தப்பு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதை நீங்க வந்து எடுத்துட்டுப் போக வேண்டாம். அது ஒண்ணுதான் எனக்கும் அவளுக்கும் நடுவுல மிச்சம். உங்க தப்பை நீங்க வெச்சுக்கங்க."

ஆட்டோ வந்தது. அவள் ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்துவிட்டுக் கணவனை ஏற்றினாள்.

திருத்தம் ஐந்தாவது மாதம் அமலுக்கு வந்தது. இனிமேல் குழந்தை எங்கே இருந்தாலும், சீட்டில், மடியில், தரையில், எப்படி இருந்தாலும் கார் எண்ணிக்கொள்ளும். பொம்மையைக் கண்டுபிடிக்கப் புதுக் கருவி வரும் என்றும் அரசு அறிவித்தது. அந்தக் கருவியை ஏமாற்றும் பொம்மை, கருவிக்கு ஒரு மாதம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. செய்தித்தாள்கள் திருத்தத்துக்கு நேயாவின் பெயரை வைத்தன. தமயந்திக்கு இலாகாவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. குமரகுரு கையெழுத்துப் போட்டிருந்தார்.

அமலுக்கு வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பகல் பதினொரு மணி. சாலையில் நல்ல நெரிசல். அவள் கார் தானாகவே வேகத்தைக் குறைத்து ஓரம் ஒதுங்கியது. முன்னால் போன பஸ் ஒதுங்கியது, அதற்கு முன்னால் ஒரு டெம்போ ஒதுங்கியது. நடுவில் கிடைத்த வழியில் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கார் வந்தது. அதன் கூரைக் கண்ணாடி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, இடுப்புவரை வெளியே நீட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தது. கூந்தல் காற்றில் பறந்தது. முன்கண்ணாடிக்கு மேலே பச்சை பளிச்சென்று எரிந்தது. எல்லா வண்டிகளும் மரியாதையாக நின்று அதற்கு வழிவிட்டன.

தமயந்தி தானியங்கியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கையில் எடுத்தாள். இரண்டு கிலோமீட்டர் துரத்திப் போய், ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் அந்தக் காருக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினாள். ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியை இறக்கினான். முப்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பக்கத்தில் அவன் மனைவி செல்போனில் மகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையை உள்ளே உட்காரவைக்கச் சொன்னாள் தமயந்தி. தான் யார் என்பதைச் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படி அவள் இப்போது யாரும் இல்லை.

அவன் கோபப்படவில்லை. விவரம் தெரியாத ஒரு பெரியம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறவனைப்போல விரலை மேலே காட்டினான்.

"பச்சைதான் எரியுதுங்களே அக்கா. அப்புறமென்ன?"

தமயந்தி பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, குழந்தையின் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மனைவி கத்த ஆரம்பித்தாள். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. குழந்தை மட்டும் எதிர்ப்புக் காட்டாமல், யார் இந்த அத்தை என்பதுபோலப் பார்த்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தது. பழைய சட்டத்தின் கடைசி நாட்களில் வாங்கிப் போட்ட சீட்தான். பெல்ட் பட்டைகள் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தன, ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள், வரவில்லை. குனிந்து பல்லால் கடித்துக் கிழித்தாள்.